உனக்கு அடித்த மணிக்கு ஜன்னலைச் சாத்தினோம்

என் அக்கா பெற்ற ஷீபா, மக்களே,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதலிலேயே சொன்னேன். நம் மதிலை ஒட்டிய வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் முதல் ஏத்தவாழைக் கன்றை நட்ட அன்று, மதில்மேல் கை ஊன்றி நின்று, இந்த வாழை குலைக்கும் முன்னால் ஊர் இருமும் என்று சொன்னேன். கேட்டவர்கள் பலர் இன்றும் உயிரோடு உண்டு. அவர்களுக்கு ஞாபகம் இல்லையென்றால் அது என் குற்றமா? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் சொல்வதை யார் மனசில் வைப்பார்கள்?

நீ மட்டும் காது கொடுத்தாய். கொடுத்துவிட்டு உன் அம்மாவிடம், "மாமன் எல்லாத்தையும் முன்னாலயே சொல்லுவாரு, ஆனா நடந்து முடிஞ்ச பிறவாக்கும் வெளிய வரும்" என்று சிரித்தாய். அக்காவும் உன்னோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்கு மூச்சிழுப்பு வந்து சிரிப்பு பாதியில் நின்றது. அன்றைக்குத்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் முதன்முதலாகப் பூச்சிமருந்து பம்பு ஓடியது, இல்லையா?

பிறகு நீ சும்மா இருக்கவில்லை. தனுவச்சபுரத்தில் போட்டோஸ்டாட் கடையை அடைத்துவிட்டு வந்து, மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாய். நான் முன்னால் நடந்தேன். என்னைப் பார்த்தால்தான் கதவு திறப்பார்கள் என்பது உனக்கே தெரியும். வேளாண்மை அலுவலகத்துக்கும் கூடவே வந்தேன். மருந்து எல்லைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் வாங்கியது, "அது அவிடெ போய் பறயணம்", அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டு ஆபீசுக்குப் போனோம். வாழை நிற்பது கேரளத்தில் அல்லவா, அங்கே போங்கள் என்றார்கள். நான் இரண்டு பாஷையிலும் போட்ட சத்தத்தில் அந்த அதிகாரி நாற்காலியோடு சுவர்வரை போனார். ஆனால் மனுவை வாங்கவில்லை. இரண்டு சர்க்காருக்கு நடுவில் ஒரு வாழைத்தோப்பு இருந்தால் அதற்கு யார்தான் அப்பன்?

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. அவனை நிறுத்த முடியாவிட்டால், மருந்து அடிக்கிற நேரத்தையாவது ஊருக்குச் சொல்லலாம் என்றாய். பம்புச் சத்தம் கேட்டதும் நம் சபை மணியை அடிப்பது. மணி கேட்டால் கிணற்றை மூட வேண்டும், துணியை எடுக்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். சபைக் கமிட்டியில், ஆராதனைக்கும் சாவுக்கும் அடிக்கிற மணியை வாழைக்கு அடிப்பதா என்று கேட்டார்கள். நீ எழுந்து நின்று, "வாழைக்கு இல்ல, மூச்சுக்கு" என்றாய். அந்த வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவில்லை.

சாவு மணி ஒன்றொன்றாக விட்டுவிட்டு விழும், மருந்து மணி மும்மூன்றாக விழும் என்று நீ எல்லோருக்கும் சொல்லியிருந்தாய். ஆனால் கேட்டுப் பழகிய பிறகு யார் எண்ணுகிறார்கள்?

நீ போன அன்று காலை மணி அடித்தது. காய்ச்சலில் படுத்தவள் மூச்சு முட்டிப் போய்விட்டாய். எதனால் என்று டாக்டர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மருந்தால்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் முற்றத்தில் நின்றேன். எதிர்வீட்டுச் சுகுமாரன் ஓடிவந்து தன் கிணற்றின்மேல் தார்ப்பாயை இழுத்தான். கொடியில் கிடந்த துணி போனது. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நீ சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு வீடு தவறவில்லை. நான் தெருவில் இறங்கி, "இது மருந்துக்கில்லடே, எங்க ஷீபாவுக்காக்கும்" என்று கத்தினேன். மூடிய ஜன்னலுக்குள் என்ன கேட்கும்?

தெரிந்த பிறகு எல்லோரும் வந்தார்கள். உதியன்குளங்கரை வரைக்கும் வண்டி நின்றது. குத்தகைக்காரனும் வந்தான். உன் பெட்டியின் கால்மாட்டில் நின்று, "இனி ஒரு துள்ளி அடிக்கில்லா, சேட்டா" என்று என் கையைப் பிடித்தான். எனக்கு விளங்காமல் போகுமோ என்று, இனி ஒரு சொட்டும் அடிக்கமாட்டேன் எனத் தமிழிலும் ஒருமுறை சொன்னான். அறைக்குள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். மதில் பக்கத்து ஜன்னல்.

இப்போது மருந்துக்கு மணி அடிப்பதில்லை. உனக்கு நடந்த அந்த வெட்கத்துக்குப் பிறகு, மணி இனிமேல் சாவுக்கும் ஆராதனைக்கும் மட்டும்தான் என்று கமிட்டி முடிவு செய்தது. கையெழுத்துப் போட்டவர்கள் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்கள். நான் எத்தனை பேரிடம்தான் பேசுவேன்?

நேற்று அந்த வாடை வந்தது. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். "எலே தாசா, அத அடைக்காத. இது வேற எவனோ அடிக்கியது. இவன் எனக்க பிள்ளைக்க கால்மாட்டுல நின்னு வாக்கு குடுத்தவனாக்கும்" என்றாள் அக்கா. பிறகு இருமினாள். பேச்சு நின்று, வெறும் இழுப்பு மட்டும் கேட்டது. நான் கொண்டியில் கை வைத்தபடி நின்றேன். சாத்தவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை.

அவன் வாக்கை மீறவில்லை, மக்களே. கொடுத்திருந்தால்தானே மீறுவதற்கு? அன்று அவன் வரவே இல்லை. நீ போனது அவனுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. "இனியாவது நிறுத்துவானாலே" என்று அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வெறுங்கையோடு நிற்க முடியாமல் என் வாய் ஒரு ஆளை உண்டாக்கி, அவன் கையை என் கையில் வைத்துவிட்டது. மலையாளமும் நான் சேர்த்ததுதான்.

இன்று அந்திக்குள் அவளிடம் அதைச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துவேன். கேட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன். இந்த ஒன்றையாவது, நடப்பதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி,
உன் தாசையன் மாமன்