இல்வா சாகட்டும் என்று எழுதியவன்

ஆகஸ்ட் 14, சனி

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளாக ஈரம். ஆபீஸ் லீவு.

வேலைகள்: காஸ் சிலிண்டருக்குச் சொல்வது. அப்பாவின் செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்குவது. வெள்ளிக்கிழமை பட டிக்கெட் ரகுவிடம். ஐந்தாம் புத்தகத்தைத் திரும்பப் படித்து அடையாளம் வைப்பது. அக்காவோடு டாக்டரிடம்.

கடைசியில் எழுதியதுதான் காலையில் முதலில் நடந்தது. கையே அதைக் கீழே தள்ளிவிட்டது.

அக்கா கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசியால் எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டில் ‘சந்தேகம்’. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆபரேஷன். எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியுமாம். டாக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டி ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் இல்லையா என்றார்.

ஸ்டெல்லா அக்கா எல்.கே.ஜி. டீச்சர். கோயில் பாட்டுக் குழுவில் முன் வரிசை. குரல் போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

வெளியே வந்து அவள் கேட்டது: “டேய் அருளு, படம் வெள்ளிக்கிழமைதானே? நல்லவேளை, அதுக்கு முன்னாடி தேதி குடுக்கல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோவில் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஹெண்ணூர் ரோடு பள்ளம், வெங்காய விலை, ஒரு வாண்டு கிளாஸில் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டது. நான் வார்த்தைகளைக் கேட்கவில்லை. குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தூறல் விட்டது. தெருமுனையில் கொடி, மிட்டாய், மைக் செட்டில் தேசபக்திப் பாட்டு. பூசை முடிந்து கம்மனஹள்ளி தர்ஷினி. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டிய ஹோட்டல். நாங்கள் மட்டும் ஓரத்து மேஜையைப் பிடித்தால் விடுவதில்லை. மேஜை துடைப்பவர் எங்கள் முழங்கையைச் சேர்த்துத் துடைக்கிறார்.

நாங்கள் என்றால் ரகு, ஷபானா, நான். மூன்று பேரும் ‘சாம்பல் ஆறு’ பைத்தியங்கள். ஐந்து புத்தகம், அதை மூன்று படமாக எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வருவது கடைசி. எங்களுக்குள் ஒரே சட்டம்: விரல் வைக்காமல் பேசக்கூடாது. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்பவர் பக்கத்தைத் திறந்து அந்த வரியில் விரல் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் காப்பி அவர் தலையில். ஒவ்வொரு படத்துக்கும் குற்றப்பத்திரிகை எழுதி வாசிப்பவன் நான். சுருக்கமாக கு.ப. ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், பிழை பொறுக்குவதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையும் அதையே இலவசமாகச் செய்கிறேன்.

ஷபானா வழக்கம்போலப் படத்தின் கட்சி. “புக்கு புக்கு, படம் படம். உங்க வீட்டு பிரியாணியும் எங்க வீட்டு பிரியாணியும் ஒண்ணா? ரெண்டும் பிரியாணிதானே?”

“ஹாகல்லா ஷபா, அப்படியில்ல,” என்றான் ரகு. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவன். “பிரியாணின்னு போர்டு போட்டு தக்காளி சாதம் குடுத்தா சும்மனே இருப்பியா?”

“பசிச்சா சாப்பிடுவேன்.”

பிறகு ரகு பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட் எடுத்தான். டைரக்டரின் பேட்டி. அவனுக்கு முகமெல்லாம் பல். கடைசிக் காட்சியை மாற்றுவதாக இருந்தார்களாம். ரசிகர்கள் எழுதிய மனுவைப் பார்த்த பிறகு புத்தகத்தில் இருக்கிறபடியே எடுத்துவிட்டார்களாம்.

“அருள், உன் மனுப்பா! இல்வா சாகறா!”

கை தட்டினான். பக்கத்து மேஜைக்காரர் இட்லியோடு திரும்பிப் பார்த்தார்.

போன வருஷம் ஒரு வதந்தி. இல்வாவைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று. தம்பி அக்கரை சேர்வதற்காக, விளக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பல் ஆற்றின் நடுவில் நிற்கிற அக்கா அவள். புத்தகத்தில் விளக்கு அணையும். அவள் திரும்பி வரமாட்டாள். அந்தச் சாவு இல்லாவிட்டால் கதையே இல்லை என்று நான் கொதித்துப் போய் ராவோடு ராவாக மனு எழுதினேன். இன்டர்நெட் குரூப்பில் போட்டேன். எங்கெங்கோ இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பெயர் என்னுடையது. முதல் வரியும் ஞாபகம் இருக்கிறது: ‘தயவுசெய்து இல்வாவைக் காப்பாற்றாதீர்கள்.’

காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

“என்ன, ஜெயிச்சிட்டு மூஞ்ச தூக்கி வெச்சிருக்க?” ஷபானா.

அக்கா விஷயத்தை அவர்களிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

ஆகஸ்ட் 16, திங்கள்

ஒயிட்ஃபீல்ட் ஆபீஸ் பஸ். மாரத்தஹள்ளியில் முக்கால் மணி நேரம் நின்றது. ஜன்னலில் நெற்றியை வைத்து யோசனை.

பத்து வயதில் எனக்கு மஞ்சள்காமாலை. ஒரு மாதம் படுக்கை, உப்பில்லாத கஞ்சி. அப்போது எனக்கு இங்கிலீஷ் வராது. அக்கா வாடகை லைப்ரரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து, பக்கத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வாள். ‘சாம்பல் ஆறு’ அவள் வைத்த பெயர்தான். பேய்க்கு ஒரு குரல், படகுக்காரனுக்கு ஒரு குரல். அவள் சொன்ன கதையில் இல்வா திரும்பி வந்தாள். தொப்பலாக நனைந்து, “எரும, அக்காவ விட்டுட்டுப் போயிட்டியா” என்று தம்பியைத் திட்டிக்கொண்டே கரையேறினாள்.

பி.யு.சி. படிக்கும்போது நானே படித்தேன். விளக்கு அணைந்தது. அவள் வரவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்காவிடம் போய்ச் சண்டை. ஏன் பொய் சொன்ன?

“உனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சுடா. அம்மா அடுப்படில அழுதுட்டிருந்தாங்க. அப்ப போய் எப்படிச் சொல்றது, அக்கா செத்துட்டான்னு?”

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த விரல் வைக்கிற பித்து.

மத்தியானம் ஒரு கிறுக்குத்தனம். படக் கம்பெனி வெப்சைட்டில் விலாசம் தேடி ஒரு மெயில். என் பெயரை அந்த மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. படம் எடுத்து முடித்து, பெட்டி பெங்களூருக்கே வந்து சேர்ந்திருக்கும். பெயரை எடுத்து யார் என்ன செய்ய? தெரியும். அனுப்பினேன்.

சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். சினிமாவில் ஒருத்தி சாவதற்கும் எங்கள் லிங்கராஜபுரத்தில் ஒருத்தி கழுத்தில் கட்டி வருவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஆகஸ்ட் 18, புதன்

வெயில். துணி காய்ந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு நிமிஷ சந்தோஷம்.

ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே, இ.சி.ஜி. அப்பா பீன்யாவில் நைட் ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் உள்ளறையில் அக்கா குரல். யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தனியாக. முன்னால் டேப் ரிக்கார்டர். தன் கிளாஸ் பிள்ளைகளுக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடிப் பதிவு செய்கிறாள். நடுவில் “அபிஷேக், உக்காரு”, “கைதட்டி, கைதட்டி” எல்லாம் சேர்த்து.

“எதுக்குக்கா இது?”

“ஒரு மாசம் லீவுல்ல. அந்தப் புது மிஸ்ஸுக்கு ராகமே வராது.”

ஒரு மாதத்துக்கு ஒரு கேசட் போதாதா? கட்டிலில் மூன்று கேசட் கிடந்தது. கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

அம்மா சிவாஜிநகர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அடுத்த வாரக் கடைசியில் திருவிழாக் கொடியேற்றம். அக்காவே வந்து பாடுவாள் என்று வேண்டுதல். மாதாவுக்கு அம்மா சொன்ன வாக்குக்கு எதிராக நான் ஒரு மனுவே போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. உடனே சீ என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை படத்துக்குப் போகவில்லை என்றேன் அக்காவிடம். சாயங்காலம் அவளை அட்மிட் பண்ண வேண்டும்.

“மேட்னிதானே? போயிட்டு வா. எனக்குக் கதை சொல்ல ஆள் வேணும்.”

“அப்பறமா நீயே பாரு.”

“பாக்கறேன். ஆனா இந்தத் தடவ நீ சொல்லு. நான் படுத்திருப்பேன். உன் முறைடா.”

ஆகஸ்ட் 20, வெள்ளி

மேகம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

தியேட்டர் வாசலில் கூட்டம். ரகு ஐந்தாம் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தான், அடையாளத் துண்டுகள் பிதுங்க. “கு.ப. இந்த வாட்டி ஒரே பக்கம்தான், நோடு, பாரு.” இடைவேளை வரை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அப்படியே புத்தகம். படகு, மணிக்கூண்டு, எல்லாம் அதனதன் இடத்தில். ஒவ்வொன்று சரியாக வரும்போதும் ரகு என் தொடையைத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் நான் திரையிடம் கெஞ்சினேன். ஒன்றையாவது தப்பாக எடுங்களேன். ஒரு தப்பு, சின்னதாக. கடைசியையும் மாற்றியிருப்பீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன்.

ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆறு வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர். இல்வா விளக்கோடு இறங்கினாள். தண்ணீர் முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்து வரைக்கும் வந்தது. கழுத்து.

எழுந்துவிட்டேன். மூன்று பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே. பாப்கார்ன் கவுண்டரில் ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் வயலின் சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன். இருபத்துமூன்று வயது ஆம்பளை. யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

பாட்டு ஓய்ந்து ஜனம் வெளியே வர ஆரம்பித்தது. ஷபானாவுக்குக் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். அது எதனால் வேண்டுமானாலும் இருக்கலாம். சந்தோஷமான முடிவுக்கும் அழுகிறவள் அவள்.

ரகு: “எல்லி ஹோகித்தே? எங்கப்பா போன? கடைசி சீன்ல...”

“சொல்லாத!”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்புறம் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் வைத்து எல்லாம் சொன்னேன். கட்டி, நரம்பு, நாளைக் காலை, மனு. ரகு புத்தகத்தைப் பையில் வைத்து ஜிப்பை மூடினான். கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். ஷபானா மட்டும், “பாகல் ஹே க்யா நீ, பைத்தியமா, இத்தன நாளா சொல்லாம இருந்திருக்க,” என்று திட்டினாள். கோபம் நிஜம்.

சாயங்காலம் அட்மிஷன். பெண்கள் வார்டு, ஜன்னல் பக்கக் கட்டில். அக்கா என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

“இப்ப சொல்லாத. நாளைக்கு நான் முழிச்சதும் சொல்லு. முழிக்கறதுக்கு ஏதாவது இருக்கணும்ல.”

பார்க்காமல் ஓடிவந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

மழை. விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது.

காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அம்மா ஜெபமாலை. அப்பா நடந்தார், உட்கார்ந்தார், நடந்தார். அக்கா கடைசியாகச் சொன்னது, “அம்மா, சாப்பிடுங்க.” அதுதான் கடைசியாகக் கேட்ட குரலாக இருந்துவிடுமோ? இதை எழுதியிருக்கக்கூடாது. அடித்துவிடவும் கை வரவில்லை.

ஷபானா ஃபிளாஸ்கில் டீயோடு வந்தாள், துப்பட்டா நனைந்து. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாக, “நான் முழுசாப் பாத்தேன். சொல்லட்டா?”

“வேணாம்.”

“நல்லதா இருந்தாலும்?”

அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். “வேணாம் ஷபா.” அவள் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். நல்ல சூடு, நாக்கு வெந்தது.

மத்தியானம் கூப்பிட்டார்கள். ஒருத்தர் மட்டும் வரலாம். அம்மா என்னைத் தள்ளினாள். “நீ போடா, எனக்குக் கால் வரல.”

கழுத்தில் பெரிய கட்டு, ஒரு ட்யூப். முகம் வெளுத்திருந்தது. கண் பாதி திறந்து. நர்ஸ் குனிந்து, ஏதாவது பேசச் சொல்லி, “மேடம், ஏனாதரூ மாத்தாடி. மாத்தாடி மேடம்,” என்றாள். டாக்டர் கட்டில் தலைமாட்டில் காத்துக்கொண்டு நின்றார்.

அக்கா உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைந்தது. காற்று மட்டும். நான் கட்டில் கம்பியைப் பிடித்தேன். நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா கண்ணைச் சுழற்றி என்னைக் கண்டுபிடித்தாள். புருவத்தைத் தூக்கினாள். கேள்வி புரிந்தது. என் முறை.

விரல் வைக்க என்னிடம் பக்கம் இல்லை.

“வந்துட்டாக்கா,” என்றேன். “தொப்பலா நனைஞ்சு வந்தா. ‘எரும, அக்காவ விட்டுட்டுப் போயிட்டியா’ன்னு திட்டிகிட்டே கரையேறினா.”

அக்கா என்னையே பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. வலித்திருக்கும், கண் ஓரத்தில் தண்ணீர். பிறகு, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் வார்த்தை. ஒவ்வொன்றாக:

“அப்போ... புக்க... கெடுத்துட்டானா?”

“ஆமாக்கா. மொத்தமா கெடுத்துட்டான்.”

டாக்டர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். லேப் ரிசல்ட் வியாழக்கிழமை. வெளியே வந்து அம்மாவிடம், அக்கா பேசினாள் என்று சொல்வதற்குள் என் குரல் போய்விட்டது.