வண்டி முதலில் நின்ற ஊர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதம் என்றால் கோபத்தோடாவது பிரித்துத்தானே ஆக வேண்டும், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. உங்கள் தம்பியின் இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இதைப் போய் நல்ல செய்தி என்று எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். எழுதும்போது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் நானும் உங்கள் அம்மாவும் சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அது எதற்கு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார்காரரும் நானும் பதிவுத் திருமணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஏற்கனவே கணவர் இருக்கிறாரே என்றார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது என்றேன். சான்றிதழ் எங்கே என்றார். மோட்டார்காரருக்கு எரிந்துபோன பம்பு என்றால் என்ன செய்வதென்று தெரியும், இதற்கு என்ன செய்வார்? பாவம், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிவு கிதிவு எதற்கு, சேர்ந்து இருந்துவிட்டுப் போங்களேன் என்று தையல் கடைக்கு வருகிற பெண்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒளிந்து வாழ நான் என்ன திருடிவிட்டா வந்தேன்?

அதன் பிறகு அலைச்சல்தான். நம் ஊர் அலுவலகத்தில், அடக்கம்தான் இங்கே நடந்தது, இறந்தது இங்கே இல்லையே, ஆஸ்பத்திரி இருக்கிற நகரத்தில் கேளுங்கள் என்றார்கள். நகரத்தில் கேட்டால், கொண்டுவரும்போதே உயிர் இல்லை, எங்கள் கணக்கில் வராது, உங்கள் ஊரில் கேளுங்கள் என்றார்கள். இரண்டு ஊரும் என்னை வைத்துப் பந்தாடின. என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. உள்ளே இறந்தவரை வெளியே இறந்ததாக எழுதித் தப்பிக்கப் பார்க்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் ஒரு பிடி பிடித்துவிட்டேன். அன்று அவரோடு கண்ணாடி லோடு ஏற்றிப் போன வேன்காரர் நமக்கு அப்படித்தானே சொல்லியிருந்தார். டாக்டர்கள் சுற்றி நின்றார்கள், கடைசி மூச்சு வரை மருந்து ஏறிக்கொண்டிருந்தது என்று உங்களிடமும் போனில் சொன்னார். நாம் யாரும் அதைச் சந்தேகப்படவே இல்லை.

மறுபடி நகரத்து அலுவலகத்தில் காத்துக் கிடந்தபோது சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தேன். தைக்கிறவளுக்குச் சும்மா உட்கார வராது, கைக்கு வேலை இல்லையென்றால் கண்ணுக்காவது வேண்டும். ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால், அந்த வண்டி முதலில் எங்கே நின்றதோ அந்த ஊரில்தான் மரணத்தைப் பதிய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வது உண்மையாக இருந்தால்? வழியில் வண்டி எங்காவது நின்றிருந்தால்?

அத்தையையும் கூட்டிக்கொண்டு நேரே வேன்காரரின் ஷெட்டுக்குப் போனேன். முதலில் மழுப்பினார். டயரைத் தட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், டீ சொல்லட்டுமா என்றார். அத்தை அவர் எதிரில் போய் நின்றார். அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அக்கா. உட்கார்ந்து படியுங்கள்.

“நெஞ்சு வலிக்குதுன்னான். நான் வண்டிய விரட்டினேன். டேய், பின்னால கண்ணாடி லோடு இருக்கு, மெதுவாப் போடான்னான். கொஞ்சம் மெதுவாப் போனேன். அடுத்த வளைவுல என் தோள்ல சாஞ்சுட்டான். இத நான் அவங்க அக்காகிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?”

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் சுகாதார நிலையத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாராம். இவருக்கு நம்ப மனம் வரவில்லை. திரும்பத் தூக்கிப் போட்டுக்கொண்டு நகரத்துக்கு ஓட்டியிருக்கிறார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். அன்று நீங்கள் போனில், ஏதாவது வைத்தியம் பார்த்தார்களா என்று கதறியபோது, ஆமாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அத்தை அவர் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மறுநாளே அந்த ஊருக்குக் கிளம்பிவிட்டோம். வயலுக்கு நடுவே ஒற்றை அறை அலுவலகம், பாதி அறையில் உர மூட்டைகள். பதிவாளர் மனுவை வாங்கி, தேதியைப் பார்த்து, புத்தகத்தில் அந்த நாளைப் புரட்டினார். இல்லை என்று மூடிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தையோ நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். சாவுச் செய்தி உங்களுக்கு எப்படித்தான் வந்து சேரும் என்று கேட்டேன். நான் எதற்கு வீடு வீடாக அலைய வேண்டும், நர்ஸ் அம்மா சம்பளம் வாங்க வரும்போது அந்த மாதத்துச் சீட்டுகளை மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார், வந்த தேதியில் எழுதிக்கொள்வேன் என்றார் பெருமையாக. அப்படியானால் மாதக் கடைசியைப் பாருங்களேன் என்றேன். மனிதர் மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார். புரட்டினார்.

இருந்தது, அக்கா. பெயர், வயது, கண்ணாடிக் கடை வேலை, எல்லாம் தெளிவாக இருந்தது. நாங்கள் ஊர் ஊராக அலைந்தபோதும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அத்தை அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். பதிவாளரும் அவர் விரலை எடுக்கும்வரை பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆனால் சான்றிதழுக்கு அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அத்தை அசைந்து கொடுக்கவில்லை. “நான் இங்கயே உட்கார்ந்திருப்பேன், எனக்கு ஒரு அவசரமும் இல்ல. என் மருமகளுக்குத்தான் கல்யாண வேலை கெடக்கு” என்றார். பதிவாளர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் தலை சுற்றியிருக்கும். சாயங்காலத்துக்குள் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்றிதழ் வந்துவிட்டது. வாழ்த்துகள் என்று வேறு சொன்னார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இறந்த இடம் என்ற வரியில் நீங்கள் கேள்விப்படாத ஊர் இருக்கும். வெறும் தாளில் அதைப் பார்த்து நீங்கள் பதறிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அவர் தனியாகப் போகவில்லை, அக்கா. கூட்டாளி தோளில் சாய்ந்துகொண்டு, கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒன்றுகூட உடையவில்லையாம்.

என் தம்பி இடத்தில் இன்னொருத்தனா என்று அன்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள். அவர் இடத்தில் நான் யாரையும் வைக்கவில்லை. கூடத்தில் அவர் படத்துக்கு மேலே மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மோட்டார்காரர்தான் கூரையில் ஏறி அதை அடைத்தார். படம் நனையுது என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வரும் மாதம் முதல் வெள்ளிக்கிழமை பதிவு. சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்று அத்தை போடுகிறார். இன்னொன்றுக்கு ஆள் இருக்கிறதா என்று அதிகாரி அம்மா கேட்டார். வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷமாக உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒன்றையேதான் போட்டு வந்திருக்கிறேன். இதிலும் அதையே போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் போடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி