சென்சாருக்கு அடியில் போர்வை

செவ்வாய், ஆடி மாதம்

1. மூன்று மாத அளவீடு வீண்.
2. அதற்குக் காரணம் சிட்டம்மாவின் போர்வை.
3. அறுபத்தாறு வயதில் சேர்ந்த எம்.டெக். படிப்பை விட்டுவிடலாம்.

நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரியில் வெடி வைக்கும்போது சிட்டம்மாவின் வீடு எவ்வளவு அதிர்கிறது என்பதுதான் என் ஆய்வு. இன்று பேராசிரியர் என் புகைப்படங்களைப் பார்த்தார். அவருக்கு என் மகள் வயது.

"சென்சாருக்கு அடியில என்ன சார், போர்வையா? தரையோட ஒட்டியில்ல வச்சிருக்கணும்! இந்த அளவு எதுவும் செல்லாது சார்."

மாலையில் சிட்டம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"வெல கூடுன மிஷினை வெறுந்தரையிலயா வைக்கிறது? ஒங்களுக்கே பாய் விரிச்சுத்தானே ஒக்கார வச்சேன்" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப குவாரி மேல நான் குடுத்த புகாருக்கு வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ் விசாரணையில குடுக்கப் பேப்பர் இல்லையாங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் வீட்டுச் சுவர் விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. வெள்ளிக்குள் மறுபடி அளக்க முடியாது.

இரண்டாவதாக எழுதியது தவறு. முதல் நாளே அந்தப் போர்வையைப் பார்த்தேன். கூடாது என்பதும் தெரியும். எடுக்கச் சொன்னால் வருத்தப்படுவாளோ என்று பயந்து, அதன் மேலேயே சென்சாரை வைத்துவிட்டு வந்தேன்.