இரண்டாவது உப்பு லைசென்ஸ்

யூன் 12, 1954, சனி

சூடை மீன் குவிந்து கிடக்கிறது. கருவாடு போட உப்பு இல்லை.

நகரத்திலிருந்து எங்கள் ஊர் சல்லி வரைக்கும் உப்பு விற்கும் லைசென்ஸ் ஒரே ஒருவரிடம்: குலசிங்கம் முதலாளி. கருவாட்டை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பவனுக்குத்தான் உப்பு. போன மாதம் கந்தளாய் வியாபாரி ஒருவர் விலை கூட்டித் தந்தார் என்று அவருக்கு விற்றுவிட்டேன். அன்று முழுக்க என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இன்று முதலாளி, "உப்போ? கந்தளாயில கேட்டுப்பாரும்" என்றார்.

கடல்நீர் தேங்கும் களப்போரம் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கிறது. அள்ளினால் அரசாங்கம் வழக்குப் போடும். கடலைக் காலடியில் வைத்துக்கொண்டு உப்புக்கு அலைகிறேன்.

யூன் 14

மீனை மணலில் புதைத்தேன். ஊர் நாய்களெல்லாம் வீடுவரை கூட வந்தன.

யூன் 23

அரசாங்கக் கச்சேரிக்குப் போய், ஒருவருக்கு மட்டும் லைசென்ஸ் இருப்பதால் படும் பாட்டை எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதியது. விசாரணை வைப்பார்களாம். பக்கத்து வளவுச் சோமசேகரம் சத்தியம் செய்தான்: "அண்ணை, நாங்கள் எல்லாரும் வாறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

யூலை 8, வியாழன்

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். முன்வரிசையில் முதலாளி கால்மேல் கால் போட்டு இருந்தார். அதிகாரி ஐயா ஒவ்வொருவராகக் கேட்டார். "ஒரு குறையும் இல்லை ஐயா." சோமசேகரமும் அதைத்தான் சொன்னான், தன் காலைப் பார்த்துக்கொண்டு.

என் முறை. என்னத்தைச் சொன்னேன்? புதைத்த மீனைச் சொன்னேன். கந்தளாயைச் சொன்னேன். முதலாளியின் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொருவருக்கும் லைசென்ஸ் குடுக்கலாம்," என்றார் ஐயா. "ஆனால் ஒருவரும் கேக்கேல்லையே. பாக்கியரத்தினம், நீர் கேக்கிறீரோ?"

ஓம் என்றது என் குரல்தான்.

"உப்பு அடுக்க, சீமெந்து நிலம் போட்ட அறை இருக்கோ?"

அதற்கும் ஓம். இருப்பது ஒரே ஒரு அறை. நானும் கமலேஸ்வரியும் பிள்ளைகளும் படுப்பது.

வீட்டில் சொன்னபோது அவள் கத்தவில்லை. "கலியாணம் கட்டின நாள் துவக்கம் சீமெந்து போட்ட அறை கேட்டனான். போன வருசம்தான் தந்தனீங்கள். இப்ப உப்புக்குக் குடுத்திட்டீங்கள்" என்றாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

ஓகஸ்ற் 3

லைசென்ஸ் வந்தது. கரைவலையில் எனக்கிருந்த பங்கை விற்று உப்பு இறக்கினேன். இனி வலையும் இல்லை, இதுதான் சோறு. முதலாளியை விடக் குறைந்த விலை. கருவாட்டை யாருக்கும் விற்கலாம் என்று சொல்லிவிட்டேன். முதல் நாளே சனம் வந்தது.

ஓகஸ்ற் 11

முதலாளி விலையைப் பாதியாக்கிவிட்டார். கருவாடும் கேட்பதில்லையாம். அந்த விலைக்கு நான் விற்றால் சாக்குக்கூட மிஞ்சாது. சோமசேகரம் சைக்கிளில் அவருடைய உப்பு மூடையோடு என் வேலியைத் தாண்டிப் போனான். "உங்களாலதான் அண்ணை இந்த விலை. நல்லா இருப்பீங்கள்."

சல்லியில் உப்பை விலை கூட்டி வாங்கியவன் இப்போது நான் ஒருவன்தான்.

செப்ரெம்பர் 5

ஒருவரும் வரவில்லை. உப்பு வேர்க்கத் தொடங்கிவிட்டது. மாரிமழை வந்தால் அறையோடு கரையும். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கு. ஏன் வாயைத் திறந்தனான்?

செப்ரெம்பர் 12, ஞாயிறு

முதலாளி காரில் வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"தம்பி, உமக்கும் நட்டம், எனக்கும் நட்டம். நாளைக்குத் துவக்கம் ரெண்டு பேருக்கும் ஒரே விலை. சல்லி உமக்கு, மற்ற ஊரெல்லாம் எனக்கு. சல்லியார் என்னட்டை வந்தால் இல்லை எண்டு சொல்லுறன்."

"பழைய விலைக்கோ?"

"அதுக்குக் கொஞ்சம் மேலை."

நான் பேசவில்லை. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு எழும்பினார். ஓம்தானா? வலைப் பங்கு திரும்பி வரும். பிள்ளைகள் சாப்பிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

என்ன சொன்னவர் என்று கமலேஸ்வரி கேட்டாள். தேத்தண்ணி நல்லாயிருக்காம் என்றேன்.

செப்ரெம்பர் 13

விடிய, சல்லி முழுக்க என் வாசலில். முதலாளி எல்லாரையும் திருப்பிவிட்டார். முன்னுக்கு நின்றவன் சோமசேகரம், வெறும் சாக்கோடு.

"அண்ணை, உப்பு இருக்கோ?"

பேசாமல் நின்றேன். அந்த நிற்பு எனக்குப் பிடித்திருந்தது. எழுதத்தான் வேண்டும், பிடித்திருந்தது. அவன் பயந்துவிட்டான்.

"கருவாட்டை ஆருக்குக் குடுக்கவேணும் எண்டு சொல்லுங்கோ அண்ணை. குடுக்கிறன்."

நான் கேட்கவே இல்லை. கேட்குமுன்பே தருகிறான்.

கமலேஸ்வரி தராசைப் பிடித்துக்கொண்டு, "என்ன விலை போட?" என்றாள். ஓகஸ்ற் மூன்றாம் திகதி விற்ற விலையைச் சொன்னேன். "கருவாட்டை நீ விரும்பின ஆளுக்குக் குடு" என்றும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான். கோபம் அவனோடு இல்லை.

செப்ரெம்பர் 20, திங்கள்

முதலாளி மறுபடியும் விலையை இறக்கிவிட்டார். சல்லியில் பாதிப் பேர் அங்கே. மீதிப் பேர் இங்கே, காரணம் சொல்லாமல்.

மத்தியானம் மூதூரிலிருந்து தோணியில் ஸஹாப்தீன் என்ற கருவாட்டுக்காரரும் அவருடைய தம்பியும் வந்தார்கள். அங்கேயும் உப்புக்கு ஒரே ஒரு கடைதானாம்.

"இஞ்ச உப்பு வாங்கினா கருவாடு கேக்கமாட்டீங்களாமே. மெய்யோ?"

மெய்தான் என்றேன். நம்பவில்லை. ஒரு மூடை மட்டும் வாங்கினார்கள். தோணி கரையை விட்டுத் தூரம் போகும்வரை, நான் கூப்பிட்டு ஏதாவது கேட்பேன் என்று இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.