எங்கள் தெருவின் மஞ்சள் கட்டைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்த வருஷம் நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். நீயும் ஜலதோஷம் விட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். சொல்ல ஒரு நல்ல செய்தியும் ஒப்புக்கொள்ள ஒரு தப்பும் இருக்கின்றன. போனில் நீ ஒரு கேள்வி போட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு பேர் முன்னால் மட்டுமில்லை, பெற்ற மகள் முன்னால்கூட எனக்கு வாய் வராது. பேனா பிடித்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

போன வருஷம் கிளம்பும்போது வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அடுத்த கோடைல கரண்ட் போயி அப்பாவோட மிஷின் ஒரு தடவை நின்னாலும் சரி, ரெண்டு பேரையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் வீடு வீடுன்னு அழக் கூடாது" என்றாய். நியாயம்தான். ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் அப்பாவின் நுரையீரலுக்குப் பொழுது ஓடாது. நீ வாங்கிக் கொடுத்த பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போனால் ஆள் வந்து போட மூன்று மணி நேரம் ஆகும். போன கோடையில் பதினேழு முறை போனது, அத்தனையும் மாலை ஏழு மணியை ஒட்டி. எல்லோரும் வேலை விட்டு வந்ததும் இருபத்து நான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் என்று போட்டால் அந்தச் சின்னப் பெட்டிதான் என்ன செய்யும். பெரியது கேட்டு மனு கொடுத்தோம். லிஸ்டில் இருக்கிறது, இரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். வெளியே வந்ததும் அப்பா, "நான் எந்த லிஸ்ட்ல இருக்கேன்னு தெரியலையே" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர், வேறு எப்படி யோசிப்பார். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கையில் இல்லாமல் எந்த வண்டியும் நகரக் கூடாது, அதனால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராது. அதையே தெருவுக்குச் செய்தால் என்ன என்றார். உடைந்த நாற்காலி ஒன்றின் நான்கு கால்களையும் சாண் நீளத்துக்கு அறுத்து, தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்தார். மாலை ஆறு முதல் பத்து வரை கட்டை கையில் இருக்கிற வீடுதான் மோட்டாரோ ஹீட்டரோ இஸ்திரியோ போடலாம். ஆக ஒரு நேரத்தில் நான்கு வீடுகள், அவ்வளவுதான். விளக்கு, மின்விசிறி, ஒரு ஏசி, அப்பாவின் மிஷின் இவற்றுக்குக் கட்டை வேண்டாம். அன்றிலிருந்து தெருவே அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. "மாஸ்டர் சார், எங்க வீட்டு வண்டி ஒரு மணி நேரமா அவுட்டர்ல நிக்குது, சிக்னல் குடுங்க" என்று தையல்கார அக்கா சத்தம் போடுவாள். மூலைவீட்டு காண்ட்ராக்டரை உனக்குத் தெரியும், இரண்டு ஏசி வைத்திருப்பதால் ரெட்டை ஏசி என்று பெயர் எடுத்தவர். அவர் மட்டும், "குளிக்கப் போறதுக்கு நாற்காலிக் காலைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கணுமா, வேற வேலை இல்ல" என்று கேலி செய்தார்.

கட்டை மட்டும் போதாது, செலவாகிற கரண்ட்டே குறைய வேண்டும் என்று நான்தான் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்ததில் என்னிடம் ஒரு பழைய தெர்மாமீட்டர் மிஞ்சியிருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு நம் படுக்கையறைக் கூரைக்கு அடியில் முப்பத்தொன்பது காட்டியது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பும் பசையும் கலந்து இரண்டு பூச்சு வெள்ளை அடித்தோம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். அடுத்த வாரம் அதே மூன்று மணிக்கு முப்பத்து நான்கு. நோட்டில் எழுதியதை அப்பா தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட அப்படிக் காட்டவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீடு என்று ஆளுக்கு ஒரு பிரஷ்ஷுடன் மாடி மாடியாக ஏறினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மின்சார அடுப்பை மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றினார். சூடான ரொட்டி இப்போது எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று எங்களையே கோபித்துக்கொள்கிறார். ஆறு வாரம் ஒரு முறைகூட ஃப்யூஸ் போகவில்லை.

இனி என் தப்பு. நீ உட்கார்ந்து படி. அப்போது கட்டை வேண்டுமென்றால் அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய்க் கேட்க வேண்டும். அடுத்த நாள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட வேண்டியிருந்தது. கட்டை ஒன்று தையல்கார அக்காவிடம் இருந்தது, அவள் கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல் வரை போனேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அப்படியே வந்துவிட்டேன். ஒரு சட்டைதானே, பத்து நிமிஷம்தானே என்று பெட்டியைப் போட்டுவிட்டேன். காலர் முடித்துக் கைக்கு வரும்போது பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. சூடு ஏறிவிட்டது போல என்றுதான் நினைத்தேன். அப்புறம் உள் அறையிலிருந்து அப்பாவின் மிஷின் கீ கீ என்று கத்தியது. தெரு முழுக்க இருட்டு.

பேட்டரியில் மாட்டினேன், இருட்டில் இரண்டு முறை பிளக் தவறியது. அரை மணி ஆகியும் ஆள் வரவில்லை. பின் தெரு வேறு லைன், அங்கே வெளிச்சம் இருந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனவர்கள் யார் தெரியுமா, ஒரு பக்கம் ரொட்டிக்கடைக்காரர், இன்னொரு பக்கம் ரெட்டை ஏசி. மிஷினை நான் இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கூடத்தில் பிளக்கைச் செருகி, அப்பாவின் உதடு பழைய நிறத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நாள் டாக்டர் பார்த்து, பாதிப்பு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் தெரு சும்மா இருக்குமா. "ரெண்டு ஏசியையும் ஒண்ணாப் போட்டிருப்பாரு, அவரு குணம் தெரியாதா" என்று எல்லோரும் அந்த மனிதரையே பழித்தார்கள். நான் போடவே இல்லை என்று அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், யாரும் நம்பவில்லை. நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை அவருடையது.

மூன்றாம் நாள் தையல் கடையில் தெருக் கூட்டம். வெட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணித் துண்டுகள் மேலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இனி ரெட்டை ஏசிக்குக் கட்டையே கொடுக்கக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கையில் அகப்பட்ட சாக்குக்கட்டியை உருட்டிக்கொண்டே, "அன்னிக்கு இஸ்திரி போட்டது நான்தான். கட்டை கேக்கக் கூச்சமா இருந்துச்சு, கேக்காமப் போட்டுட்டேன். அவர் மேல தப்பு இல்ல" என்று சொன்னேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி விழுந்தால் கேட்கும், அதுவும் தையல் கடை. முதலில் வாய் திறந்தவள் மாடிவீட்டு டீச்சர். "அன்னிக்கு நானும் ஹீட்டர் போட்டிருந்தேன் அக்கா" என்றாள். அப்புறம் இன்னொருவர் மோட்டார் என்றார், இன்னொருவர் வாஷிங் மெஷின் என்றார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஐந்து வீடு, யாருக்கும் போய்க் கேட்க மனசு வரவில்லை. ரெட்டை ஏசி எழுந்து, "வாழ்க்கைல மொதல் தடவையா உண்மையைச் சொன்னேன், அதையும் ஒருத்தனும் நம்பலையே" என்றார். கடை அதிரச் சிரித்தோம், நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்பாதான் அதை முடித்து வைத்தார். "ரயில்ல டிரைவர் டோக்கனைப் போய்க் கேக்க மாட்டாருப்பா, நாங்கதான் கொண்டு போய்க் குடுப்போம். நான் பாதியை மறந்துட்டேன், என் மேலதான் தப்பு" என்றார். அன்றிலிருந்து ஒரு கட்டைக்கு ஆறு வீடு, வீட்டுக்கு நாற்பது நிமிஷம். முடிந்ததும் நாமே அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கட்டை தானாக வரும். நமக்கு ஏழே கால் வாக்கில் ரெட்டை ஏசி கொண்டு வந்து தருகிறார். அவரும் மாடிக்கு வெள்ளை அடித்துவிட்டார், ஒரு ஏசியைக் கழற்றி விற்றும்விட்டார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் அந்தக் கொடும் வெயில் வந்தது, நீயும் செய்தியில் பார்த்திருப்பாய், ஒன்பது நாள். பக்கத்துத் தெருக்கள் எல்லாம் தினமும் அணைந்தன. நம் தெரு ஒரு நாளும் அணையவில்லை. ஒன்பதாவது நாள் மின்வாரியத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, போன வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடுகிறது என்று சந்தேகத்தோடு தெருவைப் பார்த்தார். "எத்தனை வீடு காலியாச்சு?" என்று கேட்டார். ஒரு வீடும் காலியாகவில்லை சார் என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. அதில் என் குரலும் இருந்தது, நன்றாகவே கேட்டது. நமக்கென்று லிஸ்டில் இருந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மரைப் பின் தெருவுக்கு முதலில் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், அன்றைக்குக் கூடத்தைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்தானே. அது வரும் வரைக்கும் தங்களுக்கும் கட்டை செய்து தர வேண்டும் என்று அவர்கள் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். மத்தியானங்களில் மூக்கில் குழாயோடு நாற்காலிக் கால் அறுத்துக்கொண்டிருக்கிறார். மெதுவாகச் செய்யுங்கள் என்றால், வண்டி லேட்டாகுது என்கிறார்.

உன் கணக்குப்படி நாங்கள் தோற்றுவிட்டோம். மிஷின் ஒரு முறை நின்றது, நிறுத்தியது நான், உன்னிடம் மறைத்ததும் நான். அதற்குப் பிறகு எழுபத்தொரு நாள் ஆகிறது, நிற்கவில்லை. நீ எங்களுக்காகப் பெரிய வீடு பார்த்து, ஒரு அறையை ஒதுக்கி வைத்திருப்பது தெரியும், அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் நாங்கள் வரவில்லை அம்மா. உன் அப்பா அங்கே வந்தால் உன் அறையில் ஒரு நோயாளியாக இருப்பார், இங்கே அவருக்கு டியூட்டி இருக்கிறது. நீ லீவு போட்டு வா, கூட்டிப் போக வேண்டாம், சும்மா வா. ஒரு வாரம் இரு. தெரு உன்னையும் சும்மா விடாது, மாடி ஏறி வெள்ளை அடிக்க இன்னும் மூன்று வீடு பாக்கி.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே, ஜலதோஷம் அதனால்தான். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, டிக்கெட் ஒன்று போதும், அதையும் சீக்கிரம் எடுக்கச் சொல் என்கிறார்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா