ஈடாகாதது

1926 ஆகஸ்டு 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வேலூர் வாசகர் சங்கத்துக்கான கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மதிப்பில் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டா? உண்டென்றால் அவற்றுக்கு இலக்கணம் சொல்ல முடியுமா? முடியவே முடியாது என்கிறார் சங்கத்துக் கோதண்டராமன் வக்கீல். யாரிடம் வந்து சொல்கிறார்! தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் நாள் முழுக்க ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிறவன் நான். வெளிச்சத்தில் பிடித்து, முதுகு வழியாகக் கட்டைவிரலை ஓட்டினால் போதும். ஒண்ணாம் நம்பரா, இரண்டாம் நம்பரா, கழிவா என்று கை சொல்லிவிடும். என் கை தப்பியதில்லை.

மனைவி அமிர்தவள்ளிக்கு ஏழு மாதம். இரட்டைப் பிள்ளை என்கிறாள் மருத்துவச்சி முனியம்மா.

ஆகஸ்டு 12

எதிரே உட்கார்ந்து தரம் பிரிக்கும் அஹமது பாஷா இன்று என்னைக் கவிழ்த்துவிட்டார்.

"நாலு ரெண்டாம் நம்பர் குடுத்தா ஒரு ஒண்ணாம் நம்பர் வாங்கிடலாம். அப்போ ரெண்டும் ஒரே தட்டுதானே தானியேலு? ஜாஸ்தி, கம்மி, அவ்ளோதான்."

பேஜாராகிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பிடிபட்டது. ஒரே தட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஈடாகும். கீழே இருப்பதை மலையாகக் குவித்தாலும் ஈடாகாத இடத்தில் மேல்தட்டு தொடங்குகிறது. அதுதான் இலக்கணம்! ஆம்பூர்த் தோல் அத்தனையையும் குவித்தாலும் ஓர் உயிருக்கு ஈடாகுமா? எழுதி முடித்ததும் உடம்பு சிலிர்த்தது. பாலாற்று மணலில் போய் வெகுநேரம் நின்றேன்.

ஆகஸ்டு 20

பிறந்துவிட்டன. மாதம் நிறையவில்லை. பையன் ஒன்று, பெண் ஒன்று.

முனியம்மா கையில் கொடுத்தாள். என் கட்டைவிரல் தானாகவே அவற்றின் முதுகில் ஓடியது. பழக்கம். பையன் திடமாக இருந்தான். பெண் வெறும் எலும்பு. முதலில் பையனுக்குப் பால் கொடு, பெண் தங்காது என்று சொல்லிவிட்டேன்.

அமிர்தவள்ளி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னா பேச்சுங்க இது? ரெண்டும் என் பிள்ளைங்க." இரண்டையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டாள்.

சே, என்ன மனுஷன் நான்?

ஆகஸ்டு 23

இரண்டும் மூச்சு விடுகின்றன. இவ்வளவு சின்ன மார்பு எப்படித்தான் ஏறி இறங்குகிறதோ! பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்டு 27

பையன் போய்ட்டான். காலையில். திடமா இருந்தானே— கை அப்படித்தானே சொல்லிச்சு— எப்படிப் போனான்?

செப்டம்பர் 2

ஒண்ணாவது தங்கிச்சே என்று வருகிறவர்கள் எல்லாரும் தேற்றுகிறார்கள். பாஷா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஊர் சொல்வதைத்தானே என் இலக்கணமும் சொல்கிறது? ஒரே தட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஈடாகும். உயிருக்கு உயிர். ஆனால் மடியில் பெண் கிடக்கிறாள், மனசு அவனைத் தேடுகிறது. இன்னும் பத்துப் பிள்ளை பிறந்தாலும் அவன் இடம் காலியாகத்தான் கிடக்கும். அப்படியானால் உச்சியில் ஒன்றுக்கு இன்னொன்று ஈடே இல்லையா? பிறகு அதைத் தட்டு என்று எப்படிச் சொல்வது? நினைக்கவே பயமாக இருக்கிறது. விழுந்து கும்பிடவும் தோன்றுகிறது.

செப்டம்பர் 19, ஞாயிறு

பெண் தேறிவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. எது தங்காது என்றேனோ அதுதான் இப்போது வீட்டையே அதட்டுகிறது!

கீழே உள்ளதற்கெல்லாம் இலக்கணம் சொல்வேன், உச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை என்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்பினேன். ஜெயித்ததாகவே அவர் வைத்துக்கொள்ளட்டும்.

மத்தியானம் அமிர்தவள்ளி இடது பக்கம் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் உறிஞ்ச உறிஞ்ச, வலது பக்கமும் தானாகச் சுரந்து புடவையை நனைத்தது. துடைக்கத் துணி எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டுங்க. அவனுக்கு வருது."

துணியை மடித்து வைத்தேன்.