ஒரு கை ஆட்டம்

ராத்தா,

மழை விட்டு இரண்டு நாளாக வெயில் அடிக்கிறது. பிஸ்கட் டின்னில் வைத்திருந்த ரப்பர் வளையத்தைக் காயவைக்க எடுத்தேன். மூடியைத் திறந்ததும் வந்த வாடையோடு நீங்களும் வந்து நின்றீர்கள், தலைமுந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு.

எனக்கு வாதம் வந்த காலத்தைப் பக்கத்து வீட்டு அக்காவாய் இருந்த உங்களைவிட அறிந்தவர் இல்லை. வலக்கையும் வலக்காலும் ஒரே காலையில் என் பேச்சைக் கேட்காமல் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே என் வீட்டுக்காரரைக் கார் நிக்கோபார் தீவு டியூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். சமைத்துவைக்க ஓர் அம்மாள் வந்து போவாள். அவள் போனபின் நானும் சுவரும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பூஜை அலமாரியைத்தான் பார்க்க முடியவில்லை. முருகனுக்கு இடக்கையால் விளக்கேற்றுவதா? கதவைச் சாத்தியே வைத்தேன். அவர் லீவில் வந்தால் மட்டும் உள்ளே வெளிச்சம்.

உங்கள் கடைக்கு வந்துபோகும் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வளையம் இது. கப்பலில் டெக்கில் ஆடுவார்களாம். ஒருநாள் சாயங்காலம் நம் இரு வீட்டுக்கும் நடுவே இருந்த கொடிக்கயிற்றிலிருந்து துணிகளை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றீர்கள்.

“ஏ புள்ள, பிடி!”

நான் இடக்கையால் வலக்கையைத் தூக்கிச் சேர்த்து ஏந்தினேன். வளையம் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

“இதென்ன, பிரசாதமா வாங்குறே? ரெண்டு கை பட்டா ஃபவுல். ஒத்தக் கை ஆட்டம் இது.”

“எங்கிட்ட இருக்கறது பீச்சாங்கைதானே ராத்தா.”

“அப்ப உனக்குன்னே செஞ்சதுதான். எடுத்து வீசு.”

“நீங்களே எடுத்துக்குடுங்களேன்.”

“விட்டது யாரு? விட்டவதான் எடுக்கணும்.”

அன்று அதை எடுக்க நாலு எட்டு நடந்தேன். தினம் விட்டேன், தினம் நடந்தேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ‘பிடித்தது’, ‘விட்டது’ என்று இடக்கையால் கோணல்மாணலாக எழுதினேன். நாலு மணி ஆனால் கண் கொடிக்கயிற்றைத் தேடும். மழை வந்தால் உங்கள்மேல் கோபம் வரும்.

ஒருநாள் மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தபோது அலமாரி ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டீர்கள். சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“எங்க வீட்லயும் அதே சட்டம்தான் புள்ள, எல்லாத்துக்கும் சோத்துக்கைதான். ஆனா ஒண்ண எடுத்துக்கிட்டவன், மிச்சம் இருக்கறத வேணாம்னா சொல்லப்போறான்?”

அப்போதும் நான் அலமாரியைத் திறக்கவில்லை.

அந்தக் குடியரசு தினத்துக்கு மைதானத்தில் பெண்களுக்கு வளையப்பந்து வைத்தார்கள். என்னைக் கேட்காமலே நம் இருவர் பேரையும் கொடுத்துவிட்டீர்கள். எதிரே இரண்டு தெலுங்கு டீச்சர்கள். என் காலைப் பார்த்துப் பாவப்பட்டு, பூப்போல வீசினார்கள். நீங்கள் கத்தினீர்கள்:

“அரே தீதி, ஊட்டியா விடுறீங்க? ஜோர் ஸே ஃபேங்கோ! வேகமா வீசுங்க!”

மைதானமே சிரித்தது. அவர்களில் ஒருத்திக்கு ரோஷம் வந்து, முழு வேகத்தில் வீசினாள். என் இடக்கை என்னைக் கேட்காமலே போய்ப் பிடித்தது. பிடித்த வேகத்திலேயே திருப்பி வீசினேன். அவளால் எட்ட முடியவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். வீடு திரும்பிக் கைகால் கழுவி, அலமாரியைத் திறந்தேன். எண்ணெய் கொஞ்சம் சிந்தியது. இடக்கையால்தான் ஏற்றினேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. கொடிக்கயிற்றுக்கு அப்பால் நீங்கள் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வயிற்று ஆபரேஷனுக்கு மெட்ராஸ் புறப்பட்டீர்கள். “ரெண்டு கப்பல் போகட்டும், மூணாவதுல வந்திடுவேன். கைய விட்டுடாதே” என்றீர்கள். மூன்றாவது கப்பலில் உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். கப்பல்துறையில் இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வந்து சொன்னார். உங்களை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் சுவரில் வீசிப் பழகிக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்ததும் ஜெயிக்க வேண்டும் என்று.

கடையை விற்றுவிட்டு அவரும் ஊருக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டில் இப்போது ஒரு பெங்காலிக் குடும்பம். நல்லவர்கள். என் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மனசு எனக்குத் தெரியாது. கயிற்றின் அந்தப் பாதியில் அவர்கள் துணி காய்கிறது.

அவர்கள் துணியை எடுத்த பிறகு, நாலு மணிக்குமேல், வளையத்தை அந்தப் பக்கமாக வீசுகிறேன். பிடிக்க ஆளில்லாமல் விழுகிறது. காலை இழுத்துக்கொண்டு சுற்றிப் போய் எடுக்கிறேன். அங்கே நின்று இந்தப் பக்கம் வீசுகிறேன். மறுபடி நடக்கிறேன். விட்டவள்தான் எடுக்க வேண்டும் என்றீர்கள். இப்போது நீங்கள் விடுவதையும் நான்தான் எடுக்கிறேன், ராத்தா.

இருட்டுவதற்குள் உள்ளே வந்து கை கழுவுகிறேன். அதே கையால் விளக்கேற்றுகிறேன்.